மூன்று லட்சத்தை எதில் போடுவது? அரசுப் பள்ளியில் கணினிக் கல்விக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

சென்ற ஏப்ரலில் பள்ளி ஆண்டு விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம். 2013இல் பிளஸ் டூ முடித்த என் மாணவர்கள் ஆறு பேர் என்னைத் தேடி வந்தார்கள். "டீச்சர், எங்கள் செட் பிள்ளைகள் எல்லோருமாக மூன்று லட்சம் சேர்த்திருக்கிறோம். கணினிப் பாடத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று முடிவு. எத்தனை கம்ப்யூட்டர் வாங்கலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றான் ஒருவன். பதினாறு ஆண்டுகளாக இதே பள்ளியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். இப்படி ஒரு தொகையோடு யாரும் என்னிடம் வந்ததில்லை. ஆனாலும் அந்த இடத்திலேயே எண்ணிக்கை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஒரு வாரம் கொடு தம்பி, யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

அந்த ஒரு வாரத்தில் ஒப்பிட்டுப் பார்த்தவற்றையும், அதன் பிறகு தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். தங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் முன்னாள் மாணவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும், என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் எங்கள் நிலைமை. ஆறு முதல் பன்னிரண்டு வரை உள்ள கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளி. கணினிக்கென்று இருக்கும் ஒரே ஆசிரியை நான். என் பாடவேளைகள் எல்லாம் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கே போய்விடுகின்றன. ஆறு முதல் பத்து வரை கணினிக்கு என்று தனி ஆசிரியர் பணியிடம் கிடையாது. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசி அலகில், கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதப் பழக்கும் ஸ்க்ராட்ச் மென்பொருள் இருக்கிறது. ஆனால் பொதுத்தேர்வு நெருங்கும்போது கடைசி அலகுக்கு என்ன கதி நேரும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். இதையெல்லாம் தாண்டி வந்த பிள்ளை பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் பிரிவை எடுத்தால், கொஞ்ச நாளில் சி++ என்ற நிரல் மொழி வந்துவிடும். அடுத்த ஆண்டு பைத்தான். அரிச்சுவடி படிக்காத பிள்ளையின் கையில் நன்னூலைக் கொடுப்பதுபோல இருக்கிறது. மனப்பாடம் செய்து தேர்ச்சி பெற்றுவிடுகிறார்கள். சொந்தமாகப் பத்து வரி நிரல் எழுதச் சொன்னால் கை நடுங்குகிறது.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது இன்னொன்று. பத்தாம் வகுப்பு முடித்துப் பிரிவு தேர்ந்தெடுக்கும் நாளில், கணினி அறிவியல் என்றால் என்னவென்று தெரிந்து அந்த வரிசையில் நிற்கும் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தெரியாததால் விலகிப் போகிறவர்களில் பெண்பிள்ளைகள் அதிகம்.

ஆகவே, எந்த யோசனை வந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். மூன்று லட்சமும் தீர்ந்தபின், நான்காம் ஆண்டு ஜூனில் பள்ளி திறக்கும்போது என்ன மிஞ்சியிருக்கும்? நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்பிள்ளைக்கும் இது கிடைக்குமா?

கணினி வாங்கிக் கொடுப்பது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கண்ணுக்குத் தெரியும், ரசீது இருக்கும், பெயர்ப்பலகை வைக்கலாம். மூன்று லட்சத்துக்கு ஏழெட்டு மேசைக்கணினிகளும் ஒரு யு.பி.எஸ்ஸும் வாங்கலாம்.

ஆனால் அந்த ஆறு பேரும் இலவச மடிக்கணினி வாங்கிய பிள்ளைகள். 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், தங்கள் வீட்டில் முதல் கணினியைத் திறந்தவர்கள். அவர்களிடமே கேட்டேன்: "உங்கள் வகுப்பில் எத்தனை பேர் அதில் நிரல் எழுதினீர்கள்?" ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், அதிலேயே சி++ எழுதிப் பழகியதாகச் சொன்னாள். இன்று சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவள் அவள். அந்த மடிக்கணினியை நான் குறைத்துச் சொல்லவில்லை. கல்லூரிக்குப் போன பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான் கைகொடுத்தது. ஆனால் பள்ளியில் அதை வைத்துச் சொல்லிக்கொடுக்க நேரமும் ஆளும் இல்லாதபோது, அது பாடத்தோடு ஒட்டவில்லை. அப்போதைய பாடமும் ஸ்டார் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளும் சி++உம் தான்.

இன்றைய நிலை இன்னும் தெளிவு. தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துவிட்டன. எங்களிடமும் ஒன்று இருக்கிறது. இணையவழி மதிப்பீட்டுத் தேர்வுகள், வினாடி வினா, உயர்கல்வி வழிகாட்டல், எமிஸ் என்ற கல்வித்துறைத் தகவல் தளத்துக்கான பதிவுகள் என்று அது சும்மா இருப்பதில்லை. ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளை உட்கார்ந்து தானாக ஒன்றை உருவாக்கிப் பார்க்க அங்கே ஒரு பாடவேளைகூட இல்லை. எங்கள் ஆய்வகத்துக்குத் தேவைப்பட்டது யு.பி.எஸ் பேட்டரி, பதினைந்து மவுஸ், சில நெட்வொர்க் கேபிள்கள். நன்கொடையாளர்கள் மனம் விரும்பிக் கொடுக்கும் பொருள்கள் அல்ல இவை. ஆனால் ஒரு பேட்டரி போனால் மொத்த ஆய்வகமும் இருட்டு.

ஆய்வகமே இல்லாத நடுநிலைப் பள்ளி என்றால் என் பதில் மாறும். அங்கே நான்கு கணினிகள் வந்தாலே பெரிய மாற்றம். அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய கணினிகளையும் வாங்கிக்கொள்ளலாம், நினைவகம் நான்கு ஜி.பி.யாவது இருந்தால். எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகத்தைப் போட்டு, இலவச இயங்குதளமான லினக்ஸை நிறுவிவிட்டால் ஸ்க்ராட்சும் பைத்தானும் தாராளமாக ஓடும். அதற்குக் கீழே உள்ளவற்றை அன்போடு மறுத்துவிடுங்கள். ஓடாத கணினி அறையை அடைத்துக்கொள்வதோடு, கழிவு செய்யும் வேலையையும் தலைமையாசிரியர் தலையில் வைத்துவிடும்.

ஒரு நாள் விழா

2013இல் அமெரிக்காவின் கோட்.ஆர்க் அமைப்பு 'ஒரு மணி நேர நிரலாக்கம்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. முன்னோடி நிரலாளர் கிரேஸ் ஹாப்பரின் பிறந்த நாளான டிசம்பர் 9ஐ ஒட்டி வரும் கணினி அறிவியல் வாரத்தில் உலகெங்கும் பள்ளிகள் இதை நடத்திவந்திருக்கின்றன. செலவு ஏறக்குறைய இல்லை. தயக்கத்தை உடைக்க நல்ல வழி. ஆனால் நம் பள்ளிகளுக்கு டிசம்பர் என்பது அரையாண்டுத் தேர்வு மாதம். செய்வதானால் நவம்பரிலோ பொங்கல் விடுமுறை முடிந்தோ செய்யுங்கள். அடுத்த வாரமே தொடர்ச்சியான வகுப்பு ஒன்று காத்திருந்தால் மட்டுமே செய்யுங்கள். இல்லையென்றால் பிள்ளைகளுக்கு ஆசையைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்துவது போலாகும்.

கணினி இல்லாமலே கணினி அறிவியல்

இந்த வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதை நான் பல ஆண்டுகள் குறைவாகவே மதித்திருந்தேன்.

நியூசிலாந்தின் டிம் பெல், தம் சக ஆய்வாளர்கள் இயன் விட்டன், மைக் ஃபெலோஸ் ஆகியோருடன் 1990களில் உருவாக்கிய முறை இது. கணினியைத் தொடாமல், அட்டை, கயிறு, சுண்ணக்கட்டி கொண்டு கணினி அறிவியலின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுப்பது. ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, 16, 8, 4, 2, 1 புள்ளிகள் கொண்ட அட்டைகளைக் கையில் கொடுங்கள். 13 வேண்டும் என்றால் யார் யார் அட்டையைக் காட்ட வேண்டும்? எட்டு, நான்கு, ஒன்று. மற்ற இருவரும் அட்டையைத் திருப்பிக்கொள்வார்கள். காட்டிய அட்டைக்கு 1, திருப்பிய அட்டைக்கு 0 என்று போட்டால், இருமஎண் 01101 கண்முன் நிற்கிறது. ஐந்தே அட்டைகளில் 31 வரை எண்ணலாம் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கும்போது வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்கவேண்டும்.

வருகைப் பதிவேடு இன்னொரு கருவி. அகர வரிசையில் அறுபது பெயர்கள். ஒரு பெயரைக் கண்டுபிடிக்க முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் அறுபது முறைகூடப் பார்க்க நேரலாம். நடுவில் திறந்து பாதியை ஒதுக்கி, மீண்டும் நடுவில் பார்த்து அதில் பாதியை ஒதுக்கினால், எந்தப் பெயரானாலும் ஆறு முறைக்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. பிளஸ் டூ புத்தகத்தில் 'இருமத் தேடல்' என்று வரும்போது முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கு, ஏழாம் வகுப்பிலேயே இது விளையாட்டாகப் பழகியிருந்தால் எப்படி இருக்கும்?

நம் வீட்டு வாசலில் இருக்கும் கோலத்தை இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் போனேன் என்று எனக்கே வியப்பு. "ஊடுபுள்ளி, ஏழு, நான்கு வரை" என்று ஒரு பெண் சொன்னால், இன்னொரு பெண் எதுவும் கேட்காமல் புள்ளி வைக்கத் தொடங்கிவிடுவாள். நடுவில் ஏழு. இரு புறமும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து, நான்கு வந்ததும் நிறுத்த வேண்டும். தொடக்கம், படி, நிறுத்தும் நிபந்தனை மூன்றும் அந்தச் சொற்களுக்குள் அடங்கியிருக்கின்றன. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்க நிரலில் நாம் 'மடக்கு' என்று சொல்வது இதுவேதான். மொத்தம் எத்தனை புள்ளி என்று கேளுங்கள். 37 என்று கணக்குப் போட்டுச் சொல்வார்கள். எட்டு என்று தொடங்கினால் எத்தனை என்று அடுத்த கேள்வியை அவர்களே கேட்பார்கள். இது வெறும் ஒப்புமை அல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், அவர்களோடு கமலா கிருத்திவாசனும், 1970களில் கோலங்களை வைத்துக் கணினி அறிவியலில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். படங்களை உருவாக்கும் இலக்கணம் பற்றிய துறையில் அவை இன்றும் பேசப்படுகின்றன. இந்தச் செய்தியை எட்டாம் வகுப்பில் சொன்னபோது, வீட்டில் கோலம் போடும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

செலவு? அட்டைக்கும் சுண்ணக்கட்டிக்கும் ஆகும் தொகைதான். எந்த ஆசிரியராலும் செய்ய முடியும், மின்சாரம் போனாலும் வகுப்பு நடக்கும். குறை என்னவென்றால், இதிலேயே நின்றுவிட்டால் சில வாரங்களில் பிள்ளைகளுக்கு விளையாட்டாக மட்டும் போய்விடும். தான் சொன்னதை ஒரு கருவி அப்படியே செய்வதைப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. தான் தவறாகச் சொன்னால் அது தவறாகவே செய்வதைப் பார்ப்பதில்தான் படிப்பு இருக்கிறது. ஆகவே மூன்று வாரம் வகுப்பறை, நான்காம் வாரம் ஆய்வகம் என்ற ஏற்பாடு பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலம் பற்றிய பயத்துக்கும் ஒரு வழி உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியில் கட்டளைகள் எல்லாம் தமிழில் இருக்கும்: பதிப்பி, ஆனால், இல்லை, முடி. நிபந்தனையை முதலில் எழுதி அதன் பின்னால் 'ஆனால்' வருகிறது. தமிழ் வாக்கியம் போகும் போக்கு அது. இதிலேயே தேர்வு எழுதப் போவதில்லை, வேலைக்குப் போகப் போவதும் இல்லை. ஆனால் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு முதல் சில வாரங்களில் 'எனக்கு வராதது கணினியா, ஆங்கிலமா' என்ற குழப்பத்தைத் தீர்த்துவைக்கிறது. பிறகு பைத்தானுக்கு மாறுவது அவ்வளவு கடினமாக இல்லை.

மென்பொருள் துறையில் இருக்கும் முன்னாள் மாணவர்கள்

வந்தவர்களில் இருவர் தாங்களே சனிக்கிழமைகளில் வந்து வகுப்பு எடுப்பதாகச் சொன்னார்கள். மனம் நிறைந்தது. ஆனாலும் என் அனுபவத்தை மறைக்காமல் சொன்னேன். இதற்கு முன்பும் இப்படிச் சிலர் வந்தார்கள். முதல் மாதம் தவறாமல் வருவார்கள். பிறகு வேலை நெருக்கடி, ஊர் மாற்றம், திருமணம். அவர்கள் மேல் குற்றம் இல்லை. வராத சனிக்கிழமையில் ஆய்வக வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிய பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியவள் நான் என்பதால் சொல்கிறேன்.

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் 2009இல் தொடங்கி மைக்ரோசாஃப்ட் ஆதரவில் வளர்ந்த 'டீல்ஸ்' திட்டம். மென்பொருள் பொறியாளர்கள் தனியாக வகுப்பு எடுப்பதில்லை. பள்ளி ஆசிரியரும் அதே வகுப்பில் இருப்பார். சில ஆண்டுகளில் ஆசிரியர் தாமாகவே நடத்தத் தொடங்கியதும் தன்னார்வலர் விலகிவிட வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம். தமிழ்நாட்டிலும் சில அரசுப் பள்ளிகளுக்கு இது வந்திருக்கிறது. விழுப்புரத்தில் இயங்கும் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள் வழியே பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறது. உள்ளூரில் வேரூன்றிய குழு என்பதால் அது நிலைக்கிறது.

எனவே தம்பிகளிடம் நான் கேட்டது வேறு. "நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். இனி வகுப்பு எடுக்கப்போகும் எங்கள் கணக்கு ஆசிரியருக்கு வாரம் ஒரு மணி நேரம் இரவில் தொலைபேசியில் கிடைத்தால் போதும். அவருக்கு வரும் சந்தேகத்தைத் தீர்த்துவையுங்கள்." வெளியாட்கள் பள்ளிக்குள் வகுப்பெடுக்கக் கல்வி அலுவலரின் அனுமதி தேவை. பிள்ளைகளோடு அவர்கள் தனியாக இருக்கவும் கூடாது. இந்த இரண்டையும் யாருக்காகவும் தளர்த்தக்கூடாது.

மாணவர் மன்றம்

கேரளத்தைப் பார்த்து எனக்கு எப்போதும் ஓர் ஏக்கம் உண்டு. அங்கே 2001இலேயே பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பக் கல்விக்கென்று தனித் திட்டம் தொடங்கி, பள்ளி ஆசிரியர்களையே முதன்மைப் பயிற்சியாளர்களாக ஆக்கினார்கள். கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்தினார்கள். 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்கள் தொடங்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். பழுது பார்ப்பது, அசைவூட்டம் செய்வது, நிரல் எழுதுவது, தங்களுக்குக் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று பள்ளியின் கணினி வேலைகளில் பாதியைப் பிள்ளைகளே சுமக்கிறார்கள்.

மன்றம் அருமையான யோசனை. ஆனால் மன்றம் மட்டும் என்றால், ஏற்கெனவே ஆர்வம் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் என்று பொருள். எங்கள் ஊரில் பள்ளி விட்டபின் என்றால் நாலரை மணி பஸ்ஸில் போகிறவர்களுக்கு இல்லை என்றும் பொருள். அந்தப் பஸ்ஸில் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்பிள்ளைகள். பாடவேளைக்குள் நடக்கும் வகுப்பு முதலில் வேண்டும். அதன் மேல் மன்றம் வைத்தால் நிற்கும்.

தனியார் நிறுவனங்கள் மாணவருக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி நடத்தும் 'கோடிங்', 'ரோபோட்டிக்ஸ்' வகுப்புகளைப் பற்றியும் கேட்டார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தம் முடிந்ததும் பயிற்சியாளர் போய்விட்டார். பெட்டிகள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. நான்காம் ஆண்டு ஜூன் என்ற என் முதல் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

ஆளுக்குச் செலவழிப்பது

மீதி இருப்பவை இரண்டு: ஒரு பகுதிநேர ஆசிரியரை நியமிப்பது, அல்லது ஏற்கெனவே இருக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. என் மனம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவேதான் அலைந்தது.

நியமனத்தின் பலம் உடனே தெரியும். எங்கள் வட்டாரத்தில் கணினி அறிவியலில் பட்டமும் பி.எட்.டும் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் உள்ளூர்க்காரர்கள், பிள்ளைகளின் தமிழ் பேசுகிறவர்கள், அக்கா என்று பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளக் கூடியவர்கள். பலவீனமும் தெரிந்ததே: பணம் நின்றால் வகுப்பு நிற்கும். 2012இல் அரசு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை மாதம் 5,000 ரூபாயில் நியமித்தது. கணினி ஆசிரியர்களும் அதில் உண்டு. வாரம் மூன்று அரை நாள் வேலை. ஊதியம் சிறிது சிறிதாக ஏறி 2024இல் 12,500 ஆனது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகளாகப் போராடிவந்திருக்கிறார்கள். நாமும் ஒரு இளம்பெண்ணை அந்த நிலையில் நிறுத்திவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு இருந்தது.

பயிற்சி பற்றிச் சொல்ல இங்கிலாந்தின் கதை உதவும். பள்ளிகளில் கணினிப் பாடம் என்பது வெறும் அலுவலக மென்பொருள் பழக்கமாகிவிட்டது என்று 2012இல் அந்நாட்டு அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் அறிக்கை எச்சரித்தது. 2014இல் ஐந்து வயதிலிருந்தே 'கம்ப்யூட்டிங்' பாடத்தைக் கொண்டுவந்தார்கள். 2016இல் பி.பி.சி. பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மைக்ரோபிட் என்ற சிறிய கணினிப் பலகையை லட்சக்கணக்கில் இலவசமாகக் கொடுத்தது. பாடத்திட்டமும் வந்துவிட்டது, கருவியும் வந்துவிட்டது. ஆனால் 2017இல் அதே ராயல் சொசைட்டி திரும்ப ஆராய்ந்தபோது, பாடத்தை நடத்தும் அளவுக்கு ஆசிரியர்கள் தயார்ப்படுத்தப்படவில்லை என்று கண்டது. அதன் பிறகே 8.4 கோடி பவுண்டு ஒதுக்கி, ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு தேசிய மையம் அமைத்தார்கள். பணக்கார நாடே கடைசியில் ஆசிரியரிடம் வந்து சேர்ந்தது என்றால், மூன்று லட்சம் மட்டும் உள்ள நாம் அங்கிருந்தே தொடங்கலாம் அல்லவா?

எங்கள் கணக்கு ஆசிரியரிடம் இதைப் பேசினேன். ஐம்பத்திரண்டு வயது. "எனக்குப் போய் இதெல்லாம் வருமா டீச்சர்?" என்று தயங்கினார். ஸ்க்ராட்சில் ஒரு பூனையைச் சதுரமாக நடக்க வைக்கச் சொன்னேன். நான்கு முறை முன்னே போய்த் தொண்ணூறு பாகை திரும்ப வேண்டும் என்று பத்து நிமிடத்தில் செய்துவிட்டார். முக்கோணம் கேட்டேன். அறுபது பாகை என்று போட்டார், படம் மூடவில்லை. சிறிது நேரம் திரையையே பார்த்தார். "திரும்ப வேண்டியது வெளிக்கோணம்! நூற்றிருபது!" என்று சொல்லி எழுந்து நின்றுவிட்டார். "இதை வைத்து ஒன்பதாம் வகுப்புக்கு வடிவியலே நடத்தலாமே" என்றார். நான் தேடிக்கொண்டிருந்த ஆசிரியர் அடுத்த அறையிலேயே இருந்திருக்கிறார்.

பயிற்சி வழியின் சிக்கல் நேரம். ஏற்கெனவே எமிஸ் பதிவும் தேர்தல் பணியும் திருத்தும் பணியும் தலைமேல் இருக்கிற ஆசிரியரிடம் இன்னொன்றைத் திணித்தால் அது ஒரு பருவத்தில் வாடிவிடும். ஆகவே இரண்டையும் பிணைத்தேன். பகுதிநேர ஆசிரியை மூன்று ஆண்டுகள் மட்டும். முதல் ஆண்டு அவர் நடத்துவார், கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாம் ஆண்டு மாற்றி மாற்றி. மூன்றாம் ஆண்டு பள்ளி ஆசிரியர்கள் நடத்துவார்கள், அவர் உடனிருப்பார். மூன்று ஆண்டுதான் என்பதை முதல் நாளே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்க அவருக்கு நேரமும் விட வேண்டும்.

அரசிடம் கேட்பது

இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஆனாலும் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது பெற்றோரோடு முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. 'ஆறு முதல் பத்து வரை கணினி ஆசிரியர் பணியிடம் வேண்டும்' என்று தீர்மானம் போட்டு அனுப்புங்கள். பதில் வரத் தாமதமாகும். மேல்நிலைப் பள்ளிகளுக்கே 814 கணினி பயிற்றுநர் இடங்களுக்கான தேர்வு 2019இல்தான் நடந்தது. அதற்காக எத்தனை ஆண்டுகள் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் கேட்காத பள்ளிக்கு எதுவும் வந்ததில்லை. இப்போது ஆறு முதல் ஒன்பது வரை நிரலாக்கமும் செயற்கை நுண்ணறிவும் கற்பிக்க 'டி.என். ஸ்பார்க்' என்ற திட்டத்தை அரசே கொண்டுவருகிறது. பாடவேளையும் ஆசிரியரும் தயாராக உள்ள பள்ளியில்தான் அது வேர்பிடிக்கும்.

நாங்கள் எடுத்த முடிவு

வாரத்துக்கு இரண்டு அரை நாள் வரும் பகுதிநேர ஆசிரியைக்கு மாதம் 8,000, ஆண்டுக்குப் பத்து மாதம், மூன்று ஆண்டு: 2,40,000. பேட்டரி, மவுஸ், கேபிள், சிறு பழுதுகளுக்கு 35,000. ஆசிரியர்களின் விடுமுறை நாள் பயிற்சிக்கும் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் 20,000. அட்டைகள், அச்சுக்கு 5,000. புதிய கணினி ஒன்றுகூட இல்லை.

இதைக் கேட்டதும் ஆறு பேரில் ஒருவன் முகம் வாடியது உண்மை. "டீச்சர், கொடுத்தவர்களுக்குக் காட்ட ஒரு போட்டோகூட இருக்காதே" என்றான். ஏழாம் வகுப்புக்கு ஒரு நாள் வந்து உட்காரச் சொன்னேன். வந்தான். அதன் பிறகு குழுவில் இருந்த மற்றவர்களுக்கு அவனே விளக்கிச் சொல்லிவிட்டான்.

பாடவேளைக்கு எங்கே போவது என்பதுதான் கடைசிச் சண்டை. ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு வாரம் ஒன்று வேண்டும். விளையாட்டுப் பாடவேளையை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. நம் பிள்ளைகளிடமிருந்து அதை எடுத்துக்கொண்டே இருக்கிறோம். கணக்கு ஆசிரியர் தம் பாடவேளைகளில் ஒன்றை அவராகவே கொடுத்தார். ஆய்வகத்தில் இரண்டு பேருக்கு ஒரு கணினி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்ததும் இடம் மாற வேண்டும். இந்த மணி இல்லாவிட்டால் மவுஸ் பையன்கள் கையிலேயே இருந்துவிடும்; முதல் வாரமே பார்த்துவிட்டோம்.

உங்கள் பள்ளி வேறு மாதிரி இருக்கலாம். கணினி இல்லாத நடுநிலைப் பள்ளி என்றால், தொகையில் பாதியைப் பழைய கணினிகளுக்கும் மின் இணைப்புக்கும் போட்டுவிட்டு, மீதியை ஆசிரியர் பயிற்சிக்கு வையுங்கள். கையில் பணமே இல்லை என்றால் அட்டை, பதிவேடு, கோலம் மூன்றையும் கொண்டு நாளையே தொடங்கலாம். கூடவே தீர்மானத்தையும் அனுப்புங்கள். பகுதிநேர ஆசிரியர் ஏற்கெனவே இருக்கும் பள்ளி என்றால் புதிதாக ஆளைத் தேடாதீர்கள். அவரோடு பேசுங்கள், அவருக்கு என்ன குறை என்று கேளுங்கள்.

சென்ற வாரம் எட்டாம் வகுப்புக்கு முதன்முதலாகப் பைத்தானைத் திறந்து காட்டினோம். ஒரே ஒரு வரி. தமிழ்99 விசைப்பலகையில் 'தமிழ்' என்று தட்டி, அதன் நீளம் எத்தனை என்று கேட்கச் சொன்னோம். மூன்று என்று எல்லோரும் நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். திரையில் ஐந்து வந்தது. தப்பு, தப்பு என்று ஒரே கூச்சல். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் நோட்டில் எழுத்துகளைப் பிரித்துப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தாள். "டீச்சர், அது மகரத்தையும் கொக்கியையும் தனித்தனியாக எண்ணுகிறது. ழகரத்தையும் புள்ளியையும்கூட. அதனால்தான் ஐந்து" என்றாள். பிறகு, "அதற்கு நம் எழுத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையா?" என்று கேட்டாள். தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணுவதற்கென்றே சிலர் உட்கார்ந்து எழுதிய 'ஓப்பன்-தமிழ்' என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது என்று சொன்னேன். வரும் புதன்கிழமை அதைத் திறந்து, உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். கணக்கு ஆசிரியர் இப்போதே அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்.